பரட்டைக்கீரைப் பசி

கம்பிவேலி போட்டு அங்காயியின் கீரையை அதற்குள் பூட்டி வைத்த மறுநாள் மதியம், மேட்டு பங்களா ஹோட்டலில் தங்கியிருந்த விருந்தாளிகளில் ஒருவர், தொப்பியும் அரைக்கால் சட்டையும் போட்ட பெங்களூர்க்காரர், தேயிலைக் காட்டின் நடுவே இறங்கி வந்து, சாக்கடையைத் தாண்டி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கருங்கல் லைனின் முதல் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, ரொம்பப் பசிக்குது, ஏதாவது இருந்தா போடுங்களேன்" என்று கேட்டார். அந்த வீட்டுக்காரி பாக்கியம் தட்டைக் கழுவி எடுத்துவந்து சோற்றைப் போட்டாள். பங்களாவில் அவர் அப்போதுதான் மூக்கு முட்டத் தின்றுவிட்டு வந்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் போட்டிருப்பாள்.

கருங்கல் லைனில் அப்படி ஒரு வழக்கம். எஸ்டேட்டை முதலாளிகள் இழுத்துப் பூட்டிவிட்டுப் போன வருஷத்தில், சம்பளமும் இல்லாமல் ரேஷனும் இல்லாமல் ஜனங்கள் காட்டுக்கிழங்கைத் தோண்டித் தின்ற வருஷத்தில், எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டில் மற்ற எல்லாரும் போய் உட்கார்ந்து சாப்பிடுவது என்று ஆகி, அதிலிருந்து, வாசலில் வந்து பசி என்று சொன்னவரை யார், எவர், எதற்கு வந்தீர் என்று கேட்பதற்கு முன்னால் சோற்றைப் போட்டுவிடுவது என்று நிலைத்துவிட்டது. ஒரு தடவை கோழி திருட வந்து மாட்டிக்கொண்டவன்கூடப் பசி என்று சொல்லிவிட்டதால், அவனை உட்காரவைத்துச் சோறு போட்டு, மோர் ஊற்றி, கை கழுவச் சொல்லி, அதற்கப்புறம்தான் அடித்தார்கள்.

பெங்களூர்க்காரர் பாக்கியம் வீட்டுச் சோற்றைத் தின்றார், அடுத்த வீட்டுக் களியைத் தின்றார், அதற்கும் அடுத்த வீடு அங்காயி வீடு, அங்கேயும் வந்து நின்றார். அங்காயி தட்டை அவர் முன்னால் வைத்த சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின. கோபம் வந்தால் அவளுக்கு வாயை விடப் பாத்திரம்தான் முதலில் பேசும்.

"மேல பங்களாவுல சோறு போடலியா உங்களுக்கு?"

"போட்டாங்கம்மா. கேல் சாலட் சாப்பிட்டேன், புதுசா வேலி போட்ட தோட்டத்துக் கீரைன்னு சொன்னாங்க. சாப்பிடச் சாப்பிடப் பசி எடுக்குது" என்றார் அவர், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே.

அங்காயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அந்தத் தோட்டம் இருந்த இடம், லைனுக்குப் பின்னால், எதற்கும் ஆகாது என்று கம்பெனியே கைகழுவியிருந்த பாறைச் சரிவு. பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்த சாயங்காலங்களில், கொழுந்து சுமந்த அதே கூடையில் கல்லைப் பொறுக்கிச் சுமந்து ஓரத்தில் கொட்டி, சாணியும் சாம்பலும் ஃபாக்டரியில் கூட்டித்தள்ளிய தேயிலைத் தூசியும் போட்டு, வருஷக்கணக்கில் அதை மண்ணாக்கினார்கள். ஆளுக்கொரு பாத்தி. மற்றவர்கள் பீன்ஸும் உருளையும் முள்ளங்கியும் போட்டபோது, அங்காயி, பங்களா சமையற்காரர் சேவியர் பழசாகிவிட்டது என்று தூக்கிப்போட இருந்த விதைப் பொட்டலத்தை வாங்கிவந்து தூவினாள். ஓரமெல்லாம் சுருண்டு சுருண்டு, எண்ணெய் காணாத தலை மாதிரி ஒரு கீரை முளைத்து வந்தது. பங்களாவில் அதற்குக் கேல் என்று பெயர். லைனில் பரட்டை என்று வைத்தார்கள்.

அடியிலையாகப் பார்த்துத்தான் ஒடிக்க வேண்டும், உச்சியைத் தொட்டால் செடி நின்றுபோகும் என்று சேவியர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். சின்ன வயதிலிருந்து தேயிலை பறித்த கை அதையெல்லாம் கேட்குமா. கண் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாமாகப் போய் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக உச்சியைக் கிள்ளிவிட்டன. ஐயோ தப்புப் பண்ணிவிட்டோமே என்று அங்காயி ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தபோது கிள்ளிய இடத்தின் கீழெல்லாம் பக்கக்கிளை வெடித்திருந்தது. அப்புறம் லைன் பெண்கள் எல்லாருமே அதை அப்படியேதான் கிள்ளினார்கள், கிள்ளக் கிள்ள அது இடுப்புயரத்துக்குத் தேயிலைப் புதராகவே படர்ந்து, உலகத்தில் எங்கேயும் இல்லாத விதமாக, மாதத்துக்கு இரண்டு தடவை துளிர் தள்ளியது. அதைப் பருப்போடு குழைய வேகவைத்து, பூண்டும் வரமிளகாயும் தாளித்து, மத்தால் கடைந்து, கேப்பைக் களியின் நடுவில் குழி பறித்து ஊற்றிச் சாப்பிடுவார்கள். கருவாட்டைப் பிய்த்துப் போட்டு வதக்கினால் பொன்னுரங்கம், அங்காயியின் வீட்டுக்காரர், அன்றைக்கு மட்டும் ஃபாக்டரியிலிருந்து நேராக வீட்டுக்கு வருவார். பனி விழுந்து தேயிலை கருகுகிற நாட்களில் பரட்டை மட்டும் இனித்தது.

பங்களாவை ஹோட்டலாக்கிய பிறகு வந்த மேனேஜர் கிருபாகரன், எந்த மேனேஜர் வந்தாலும் லைனில் அவர் தொரைதான், ஒரு நாள் சரிவில் ஏறி அந்தப் புதர்களைப் பார்த்துவிட்டு நிறையப் படம் எடுத்துக்கொண்டு போனார். நல்ல மனிதர். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, எல்லாரையும் பெயர் சொல்லி வாங்க போங்க என்றுதான் பேசுவார். இந்த மாதிரி ஆட்கள் வந்து பாத்தியைப் பிடுங்கும்போதுதான் நமக்குக் கத்தவும் வாய் வராது. கம்பி வந்தது, கம்பம் வந்தது, கதவு வந்தது, கதவுக்குப் பூட்டு வந்தது, உள்ளே வேலை செய்ய வெளியூரிலிருந்து கையுறை போட்ட தோட்டக்காரன் வந்தான்.

"இது கம்பெனி இடம்தானே அங்காயிம்மா" என்றார் தொரை. "தோட்டம் எங்கயும் போயிடாது. இங்கயேதான் இருக்கும். தினமும் வந்து பாக்கலாம் நீங்க."

"பாக்கறதுக்கா கல்லு சொமந்தோம்?"

அதற்குத் தொரை சிரித்தார். யூனியன் தலைவர் பேசிப் பார்க்கலாம் என்றார், பேசிப் பார்த்தேன் என்றும் அவரே சொன்னார். பொன்னுரங்கம் ராத்திரிச் சோற்றின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "விட்டுத் தொலை புள்ள. ரிட்டையர் ஆனா இந்த வீட்டையே காலி பண்ணுன்னுவான், நீ கீரைக்குப் போய் மல்லுக்கு நிக்கற" என்றார்.

"அதுக்குத்தாங்க நிக்கறேன். கீரையக் கேக்காம விட்டா வீட்ட எந்த வாயால கேப்பீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அங்காயிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் அடுப்படியைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். பூட்டுப் போட்ட அன்றைக்கு மட்டும் வேலியோரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், என்னவோ முணுமுணுத்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சாபம் விட்டாள் என்று பின்னால் கதை கட்டினார்கள். கேட்டவர்களிடம் அவள், "பசிக்குதுன்னு சொன்னேன், பசிச்சுது, சொன்னேன்" என்றாள், அதற்கு மேல் அவளிடம் யாரும் எதையும் கறக்க முடியவில்லை.

அந்த வேலிக்குள் பறித்த பரட்டையை யார் தின்றாலும் பசித்தது. பச்சையாக எலுமிச்சை பிழிந்து தின்றாலும், ஆப்பிளோடு அரைத்துக் குடித்தாலும், எண்ணெய் தடவி முறுகலாகச் சுட்டுக் கடித்தாலும் பசித்தது. அதன்மேல் ரொட்டி, கேக், ஆட்டுக்கறி என்று ஹோட்டல்காரர்கள் எதைத் திணித்தாலும் அது கிணற்றில் போட்ட கல்லாகப் போனது. கருங்கல் லைன் அடுப்பில் கருங்கல் லைன் பெண்கள் ஆக்கியதைத் தின்றால் மட்டும் அடங்கியது, அதுவும் மறுநாள் மதியம் வரைக்கும்தான். ஊருக்குத் திரும்பிப் போனவர்களையும் அந்தப் பசி விடவில்லை, அவர்கள் குடும்பத்தோடு காரைப் போட்டுக்கொண்டு மலையேறி மறுபடி வந்தார்கள். ஹோட்டல் நிரம்பி வழிந்தது, தங்கள் உபசாரத்தின் மகிமை என்று தொரை நினைத்துக்கொண்டார். அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்றார் பூசாரி. எல்லாம் பனிக்கோளாறு என்றார் சேவியர். இதைத்தான் இத்தனை நாளாக மேடையில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார் யூனியன் தலைவர், எதைச் சொன்னார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

லைன் அதைப் பழகிக்கொண்டது, பழகிக்கொள்ளாமல் என்ன செய்யும், மழைக்கும் அட்டைக்கும் பழகிய ஜனம். காலையில் தேயிலைக் காட்டுக்குப் போவதற்கு முன்னால் கோயில் அண்டாவில் உலை வைத்துவிட்டுப் போனார்கள், மதியச் சங்கு ஊதியதும் கொழுந்துக் கூடையை நிறுவையில் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து அரிசி போட்டுச் சோறு வடித்தார்கள். விருந்தாளிகள் லைன் வாசல் நெடுக வரிசையாக உட்கார்ந்தார்கள், வெயிலுக்குத் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டார்கள், தட்டைக் கழுவாமல் எழுந்துபோன ஒரு டாக்டரை அங்காயி கூப்பிட்டுக் கழுவ வைத்த பிறகு எல்லாரும் கழுவினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சும்மா உட்கார்ந்து தின்ன வெட்கப்பட்டு, தினமும் முன்னாலேயே வந்து சின்ன வெங்காயம் உரித்தார். அவர்கள் வரக் கொஞ்சம் பிந்தினால், "இன்னும் காணமே, பாவம்" என்று பாக்கியம் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரேஷன் அரிசி பாதி மாதத்துக்குள் தீர்ந்தது. எல்லாரையும் அனுப்பிவிட்டு அண்டாவைக் கவிழ்த்தால் தீய்ந்த பருக்கைதான் இருக்கும், பெண்கள் வடித்த கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் காட்டுக்குப் போனார்கள்.

தொரைக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கோபப்படவில்லை, பயப்படவுமில்லை, சந்தோஷப்பட்டார். பங்களாவிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவர்களுக்கு மட்டும் வெள்ளையடித்தார். பாதை முனையில் லைன் சாப்பாடு என்று இங்கிலீஷில் பலகை நட்டார். பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் புடவை கொடுத்து, பரிமாறும்போது அதைத்தான் கட்ட வேண்டும், கூடவே கொஞ்சம் சிரிக்கவும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூட்டை மூட்டையாக அரிசியும் வந்து இறங்கியது, மூட்டையைக் கொடுக்கிற மாதிரியும் வாங்குகிற மாதிரியும் படம் எடுத்துக்கொண்டார்கள், பாக்கியம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அங்காயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் பாத்தியைப் பிடுங்கினான், சரி. பிடுங்கியதைத் தின்றவனுக்குப் பசித்தது, அதையாவது நியாயம் என்று நினைத்து அவள் உள்ளுக்குள் ஒரு நாள், இரண்டு நாள் சிரித்திருந்தாள். அந்தப் பசிக்கும் இவளேதான் ஆக்கிப் போட வேண்டும், போடும்போது சிரிக்கவும் வேண்டும், அதற்கும் ஒரு பலகை நட்டு அவன் பெரிய ஆளாவான் என்றால், கோபப்படக்கூட ஒரு மனுஷிக்கு இடம் வைக்க மாட்டார்களா இந்தப் பாவிகள். கொடுத்த புடவையை அவள் அடுப்படித் துணியாகக் கிழித்தாள்.

மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் எல்லாரும் குடத்தோடு நிற்கும்போது சொன்னாள்.

"நாளையிலருந்து நான் அடுப்பு மூட்டப் போறதில்ல. நீங்களும் மூட்டாதீங்க."

"பிள்ளைகளுக்கு?" என்றாள் ஒருத்தி.

"பிள்ளைகள மேல் டிவிசன் லைன்ல சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்புங்க. நம்ம பட்டினி கெடப்போம். நமக்கென்ன, புதுசா?"

பாக்கியம் குடத்தைக் கீழே வைத்தாள். லைனிலேயே மூத்தவள் அவள், பூட்டிக்கிடந்த வருஷத்தில் முதல் அடுப்பு எரிந்தது அவள் வீட்டில்தான். "பசின்னு வாசல்ல வந்து நிக்கறவங்கள எப்படிடி போன்னு சொல்றது? என் வாயால வராது அங்காயி. கோழிக் களவாணிக்கே போட்டோம்."

"களவாணிக்குப் போட்டோம்க்கா, ஆனா கோழியத் திருப்பி வாங்கிட்டுத்தானே அனுப்புனோம்."

அங்காயி விடவில்லை. "அவங்க பசி அவங்களோடது இல்லக்கா. நம்மளோடது. நம்ம கல்லு சொமந்த பசி. அதையும் அவங்க தின்னு, அதுக்கு மேல நம்ம சோத்தையும் தின்னுடறாங்க, நம்ம கஞ்சித்தண்ணி குடிக்கறோம். நீ கும்பிட்டியே நேத்து, அத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது."

பாக்கியம் முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் பிடிக்காமலே குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள், ஆனால் மறுநாள் முதலில் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தவள் அவள்தான்.

கருங்கல் லைனின் கூரைகளுக்கு மேல் புகை எழும்பாத மதியம் அதற்கு முன்னால் பூட்டிக்கிடந்த வருஷத்தில்தான் வந்திருந்தது. விருந்தாளிகள் வழக்கம்போல இறங்கி வந்து, வரிசையாக உட்கார்ந்து, மூடிய கதவுகளைப் பார்த்தார்கள். பெண்கள் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. நீதிபதி உரிப்பதற்கு வெங்காயம் கேட்டு இரண்டு கதவைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

அங்காயி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது தாரிணி. சென்னையிலிருந்து வந்த பெண், வயிற்றில் ஏழு மாதம், வந்த நாளிலிருந்து அங்காயி அவளுக்குக் கடைசிக் கரண்டியில் அடிச்சோறாக வைத்துக் கொஞ்சம் நெய்யும் விட்டுக்கொண்டிருந்தாள். பிடிக்காத ஹோட்டலில் பிடித்த ஒரே ஆள்.

"அக்கா, பசிக்குதுக்கா" என்றாள் தாரிணி, கதவுக்கு வெளியிலிருந்து.

இந்த ஒருத்திக்கு மட்டும் போட்டால் என்ன என்று அங்காயியின் கை அரிசிப் பானைக்குப் போனது, போன கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு பெண்ணை வாசலில் உட்காரவைக்கிற நிலைமைக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியவன்மேல் அவளுக்கு வந்த கோபம் அதற்கு முன்னால் வந்த எல்லாக் கோபத்தையும் விடப் பெரியது. கதவைத் திறந்து வெளியே வந்து, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான் பசிக்குது கண்ணு. நான் இன்னைக்கு ஆக்கல."

"ஏன்க்கா, நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"

"நீ தின்ன கீரை நான் வச்சது. அந்தச் சரிவுல இருக்கற கல்லெல்லாம் இந்தத் தலை சொமந்தது. அதத்தான் வேலி போட்டுப் பூட்டிட்டாங்க. அந்த வேலி நிக்கற வரைக்கும் உனக்குப் பசிக்கும், நான் எத்தன நாள் போட்டாலும் பசிக்கும்."

தாரிணி அங்காயி பக்கம் திரும்பினாள். "இத ஏன்க்கா எங்ககிட்ட யாருமே சொல்லல?"

"நீங்க கேக்கலியே. சோறு நல்லாருக்குன்னு மட்டும்தானே சொன்னீங்க."

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நீதிபதியிடம் போய்ச் சொன்னாள், நீதிபதி டாக்டரிடம் சொன்னார், வரிசை முழுக்க அந்தப் பேச்சு போய் முடிந்தபோது எல்லாரும் எழுந்து பங்களாவுக்கு நடந்தார்கள். வேலியை எடுத்துவிடுங்கள் என்று தொரையிடம் மரியாதையாகத்தான் கேட்டார்கள். தொரை அவர்களை உட்காரவைத்து, பாதுகாப்பு, நடைமுறை, மேலிடம் என்றெல்லாம் விளக்கி, அதுவரைக்கும் சூடாக ஒரு ஆப்பிள் கேக் சாப்பிடலாமே என்றார். அந்தக் கேக் என்ற சொல்தான் அவர்களால் தாங்க முடியாமல் போயிற்று. பசித்தவர்கள் சரிவில் ஏறினார்கள். வாழ்க்கையில் கடப்பாரை தொட்டறியாத கைகளால் கம்பியைப் பிடித்து இழுத்தார்கள், பெங்களூர்க்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவின்மேல் ஏறி நின்று குதித்தார், நீதிபதி பூட்டைக் கல்லால் அடித்தார். காவலுக்கு நின்றவர்கள் லைன் பையன்கள், அவர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலி சாய்ந்ததும் பெண்கள் உள்ளே போனார்கள். கையுறைத் தோட்டக்காரன் முறைப்படி அடியிலைகளை மட்டும் ஒடித்து ஒடித்து, புதராக இருந்ததை மொட்டைக் கம்பாக்கி உச்சியில் ஒரு குடுமியை விட்டு வைத்திருந்தான். அங்காயி அந்தக் குடுமியைப் பார்த்து அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, கிள்ளினாள். அன்றைக்கு எல்லா அடுப்பும் எரிந்தது. பரட்டையைக் கடைந்து களியோடு எல்லாருக்கும் போட்டார்கள், பெண்களும் கூடவே உட்கார்ந்து தின்றார்கள். தாரிணி இரண்டாவது தடவை வேண்டாம் என்று தட்டைக் கையால் மறித்தாள். எல்லாருக்கும் அதோடு பசி போய்விட்டது. வாசலிலேயே படுத்துத் தூங்கினார்கள், சாயங்காலம் எழுந்து கண்கலங்க விடைபெற்றுக்கொண்டு, மறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு மலையிறங்கினார்கள். நீதிபதி எல்லா இடத்துக்கும் எழுதுவதாகச் சொன்னார். அதற்கப்புறம் அவர்களில் ஒருவரும் வரவில்லை. வயிறு நிறைந்தவர்கள் எதற்கு வருவார்கள்.

கம்பம்தான் வந்தது. இந்தத் தடவை சிமென்ட் கம்பம், லாரியில். நடுவதற்குக் கீழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காலையிலிருந்து குழி தோண்டிவிட்டு, மதியம் பாக்கியம் வீட்டு வாசலில் வந்து நின்று பசிக்குதும்மா என்றார்கள். அது உழைத்தவன் பசி. பாக்கியம் அங்காயியைப் பார்த்தாள், அங்காயி தட்டை எடுத்தாள். சோறு போட்டுக்கொண்டே, அவர்கள் தோண்டியது யாருடைய பாத்தி, அந்தக் கல் யார் தலையில் வந்தது என்பதை ஒன்று விடாமல் சொன்னாள். அவர்கள் குனிந்த தலை நிமிராமல் தின்று, கை கழுவி, கடப்பாரைகளைக் கொண்டுபோய் வேலியோரம் சாத்தி வைத்துவிட்டு, "இவங்க உப்பத் தின்னுட்டோம் சார், இனிமே எங்களால முடியாது" என்று தொரையிடம் சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போனார்கள்.

தொரை அப்போதும் கத்தவில்லை. மறுநாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தானே கடப்பாரையை எடுத்தார். கருங்கல் லைன் முழுக்க வேடிக்கை பார்த்தது. பாறைச் சரிவில் ஒரு குழி தோண்ட எவ்வளவு நேரமாகும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். கல் கல்லாக எடுத்து வெளியே போட்டார், உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது, சட்டை முதுகில் ஒட்டியது. பொழுது உச்சிக்கு வந்தபோது ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக் குழியில் நிறுத்தி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்தார். கம்பம் நின்றது. அவரால் நிற்க முடியவில்லை. விருந்தாளிகள் இல்லாத பங்களாவில் அடுப்பு எரிந்தே பல நாளாகியிருந்தது, சேவியர் லீவில் போயிருந்தார்.

அவர் சரிவிலிருந்து இறங்கி, அங்காயி வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் அந்தக் கீரையைத் தின்றதே இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். வந்திருந்தது சாதாரணப் பசி.

"பசிக்குது" என்றார்.

அங்காயியோடு உட்கார்ந்திருந்த பாக்கியம் பழக்கத்தில் எழுந்து தட்டை எடுக்கப் போனாள். அங்காயி கையை நீட்டி மறித்தாள். அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து கேட்பதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தோமோ என்று அவளுக்குத் தோன்றியது. இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் நெஞ்சு குளிர்ந்திருக்கும். ஆனால் உள்ளே பானையில் சோறு இருந்தது, வாசலில் நின்றவர் பசி என்று சொல்லிவிட்டார்.

"சோறு இருக்கு தொரை" என்றாள். "பரட்டைக் கடையலும் இருக்கு, காலைல கிள்ளுனது. ஆறாம மூடி வைக்கறேன். நீங்க போய் நட்டதப் பிடுங்கிட்டு வாங்க."

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். சரிவின் மேல் தனியாக நின்ற கம்பத்தைப் பார்த்தார். அங்காயி உள்ளே போய்ப் பானையை மூடி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சரிவில் பாதி ஏறுவதைத் திறந்த பின்கதவு வழியாகப் பார்க்கும்வரை அவள் தட்டைக் கழுவ எழுந்திருக்கவில்லை.